பழைய ஜிக்சா வாங்கும்போது

பிரிட்டனில் பழைய ஜிக்சா (துண்டுகளைச் சேர்த்துப் படம் அமைக்கும் புதிர்) மலிவாகக் கிடைப்பது ஆக்ஸ்பாம் மாதிரியான சாரிட்டி கடைகளில்தான், அதாவது மக்கள் தானமாகக் கொடுக்கும் பழைய பொருள்களை அறப்பணிக்காக விற்கும் கடைகளில். பெட்டிமேல் 'முழுசா இருக்கு' என்று யாராவது கையால் எழுதி ஒட்டியிருந்தால் அதையே முதலில் எடுங்கள், அநேகமாக அது யாரோ போட்டுப் பார்த்த பெட்டி. உள்பை பிரிக்காமல் இருந்தால் யோசிக்கவே வேண்டாம். அப்புறம், மோந்து பாருங்கள். பூஞ்சை வாடை அடித்தால் எவ்வளவு மலிவானாலும் வேண்டாம், அது லேசில் போகாது. எண்ணப் போகிறீர்கள் என்றால், 1000 துண்டு என்று போட்டிருந்தாலும் பலவற்றில் 38 வரிசை, வரிசைக்கு 27, ஆக 1026 இருக்கும், அதனால் சரியாக 1000 வந்ததும் சந்தோஷப்பட்டுவிடாதீர்கள். பொறுமை இல்லையா? 100 துண்டைச் சமையலறைத் தராசில் நிறுத்து, மொத்த எடையோடு கணக்குப் போடுங்கள். ஓரிரு துண்டு குறைந்தால் தெரியாது, ஒரு கை அளவு காணோம் என்றால் தெரிந்துவிடும். போட்டு முடித்ததை அதே கடைக்கே கொடுத்துவிடலாம், சீட்டு ஒட்டித்தான்.