தூக்க மார்க்கை விடுங்கள், எழும் நேரத்தைப் பாருங்கள்

கையில் கட்டும் வாட்ச், விரலில் போடும் மோதிரம், எதுவானாலும் சரி, அது உங்கள் தூக்கத்தை நேரடியாகப் பார்ப்பதில்லை. கை அசைகிறதா என்று ஒரு சென்சார் கவனிக்கிறது, அடியில் மின்னும் விளக்கு தோலுக்குக் கீழே ரத்த ஓட்டம் ஏறி இறங்குவதை வைத்து நாடித்துடிப்பை எண்ணுகிறது, இரண்டையும் சேர்த்து "இவர் தூங்கியிருப்பார்" என்று கணிக்கிறது. அவ்வளவுதான். தூக்க ஆய்வகத்தில் பாலிசோம்னோகிராபி எடுக்கும்போது தலையில் மின்முனைகளை ஒட்டி மூளை அலைகள், கண் அசைவு, தாடைத் தசையின் இறுக்கம் எல்லாவற்றையும் பதிவு செய்வார்கள், ஆழ்தூக்கம், கனவு அதிகம் வரும் ரெம் தூக்கம் என்று பிரிப்பது அதை வைத்துத்தான். மணிக்கட்டில் மூளை அலை கிடைக்காது.

அதனால் ஆப் காட்டும் ஆழ்தூக்க நிமிடங்களை நம்பிக் கவலைப்படாதீர்கள். நான் பல மாதம் காலையில் கண் விழித்ததும் அந்த எண்ணைத்தான் தேடினேன், குறைவாக இருந்தால் அன்று முழுக்க சோர்வாக இருப்பதாகவே தோன்றும். இப்படி எண்ணைத் துரத்தியே தூக்கத்தைக் கெடுத்துக்கொள்வதற்கு 2017-ல் மருத்துவ ஆய்விதழ் ஒன்றில் ஆர்த்தோசோம்னியா என்று பெயரே வைத்துவிட்டார்கள். அதிலிருந்து வெளியே வர எனக்கு உதவியது ஒரு சின்னப் பழக்கம்: எழுந்ததும் ஆப்பைத் திறக்காமல், உடம்பு எப்படி இருக்கிறது என்று பத்துக்கு ஒரு மார்க் நானே போட்டு எழுதி வைத்துவிடுவேன், ஆப்பை மதியத்துக்கு மேல்தான் பார்ப்பேன். நீங்களும் அப்படி எழுதி வையுங்கள்.

வாட்ச் ஓரளவு சரியாகச் சொல்வது எப்போது தூங்கினீர்கள், எப்போது எழுந்தீர்கள் என்பதைத்தான். அதிலும் ஒரு சிக்கல் உண்டு. விழித்தபடி அசையாமல் படுத்திருந்தால் அதையும் தூக்கக் கணக்கில் சேர்த்துவிடும், ஆக தூக்கம் வராமல் தவிப்பவர்களுக்கு உண்மையைவிட அதிக நேரம் காட்டலாம். நீங்கள் தூங்கவில்லை என்று உங்களுக்கே நன்றாகத் தெரிந்தால் உங்களை நம்புங்கள், வாட்சை அல்ல.

சரி, எப்படிப் பயன்படுத்துவது? முதல் ஒரு வாரம் எதையும் மாற்றாதீர்கள், சும்மா கட்டிக்கொண்டு தூங்குங்கள். மணிக்கட்டு எலும்புக்கு ஒரு விரல் மேலே, நழுவாத அளவுக்கு இறுக்கமாக இருந்தால் போதும். ஸ்லீப் மோடைப் போட்டு, கையைத் தூக்கினால் திரை எரிவதையும் நோட்டிஃபிகேஷனையும் நிறுத்திவிடுங்கள். வாரக் கடைசியில் மூன்றே விஷயங்களைப் பாருங்கள்: படுத்த நேரம், எழுந்த நேரம், சராசரியாக எத்தனை மணி நேரம் தூங்கினீர்கள். பெரியவர்களுக்கு 7 மணி நேரமாவது வேண்டும். ஆனால் எனக்குக் கண்ணைத் திறந்துவிட்டது மொத்த நேரமல்ல, விடுமுறை நாளில் நான் எழும் நேரம் மற்ற நாட்களைவிட இரண்டு மணி நேரம் தள்ளிப் போயிருந்ததுதான்.

அடுத்து, ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம், இரண்டு வாரத்துக்கு. எழும் நேரத்தை நிலையாக்குவதில் ஆரம்பியுங்கள், ஏனென்றால் உடம்பின் கடிகாரம் காலை வெளிச்சத்தைப் பார்த்துத்தான் நேரம் சரிசெய்துகொள்கிறது. வாட்சின் அதிர்வு அலாரத்தை வைத்துக்கொண்டால் போனை வேறு அறையிலேயே விட்டுவிடலாம், இந்த ஒரு வசதிக்காகவே வாட்ச் வாங்கலாம் என்பேன். அப்புறம் காபி. காஃபீன் பாதியாகக் குறையவே சுமார் 5 மணி நேரம் ஆகும், ஆளுக்கு ஆள் மாறும், மாலை 4 மணிக்குக் குடித்தால் 9 மணிக்கும் பாதி உள்ளே இருக்கும். மதியத்தோடு நிறுத்திப் பார்த்து, தூக்கம் பிடிக்கும் நேரம் மாறுகிறதா என்று உங்கள் குறிப்போடு ஒப்பிடுங்கள். மது குடித்தாலோ, நேரம் கழித்து வயிறு நிறையச் சாப்பிட்டாலோ இரவு நாடித்துடிப்புக் கோடு மேலேயே நிற்பதைப் பலர் தங்கள் ஆப்பிலேயே பார்க்கலாம். ஒரு நாள் எண்ணுக்கு மதிப்புக் கொடுக்காதீர்கள், வாரச் சராசரி எந்தப் பக்கம் நகர்கிறது என்பதுதான் முக்கியம்.

குறட்டை இருந்தால் மட்டும் இந்தச் சோதனைகளோடு நின்றுவிடாதீர்கள். சத்தமாகக் குறட்டை, நடுவில் மூச்சு நின்று திணறி எழுவது, பகலில் உட்கார்ந்த இடத்திலேயே கண் சொக்குவது, இவையெல்லாம் தூக்கத்தில் மூச்சு விட்டுவிட்டு நிற்கும் ஸ்லீப் ஆப்னியா என்ற நோயாக இருக்கலாம். 2024-ல் அமெரிக்காவின் மருந்து, மருத்துவக் கருவிகளுக்கு அனுமதி தரும் அமைப்பான எஃப்டிஏ சாம்சங், ஆப்பிள் வாட்சுகளில் இதன் அறிகுறியைக் காட்டும் வசதிக்கு அனுமதி கொடுத்தது, ஆனால் வாட்ச் எச்சரிக்கவில்லை என்பதால் நோய் இல்லை என்று அர்த்தமாகாது. குறட்டையைப் பதிவு செய்யும் ஆப் ஒன்றை நாலைந்து இரவு ஓடவிட்டு, அந்த ஒலியை மருத்துவரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள். வாரத்தில் 3 இரவோ அதற்கு மேலோ தூக்கமில்லாமல் 3 மாதம் ஓடிவிட்டால் அதற்கும் மருத்துவர்தான். சிபிடி-ஐ என்ற பேச்சு வழிச் சிகிச்சையைத்தான் முதலில் பரிந்துரைக்கிறார்கள், அதில் தினமும் தூக்க டைரி எழுதச் சொல்வார்கள், நீங்கள் காலையில் மார்க் போட்டு எழுதி வைத்த குறிப்பு அங்கே அப்படியே உதவும்.