பொட்டாசியம் சிரப், மாத்திரை: வாங்கும் முன்பும் குடிக்கும்போதும்

கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்கிறது, கை கால் அசதியாக இருக்கிறது என்றதும் யாராவது ஒருவர் ‘பொட்டாசியம் குறைஞ்சிருக்கும்’ என்பார். மருந்துக்கடையில் கேட்டால் ஒரு சிரப் பாட்டிலும் கைக்கு வந்துவிடும். அப்படிக் கேட்டு வாங்கிக் குடிக்கவே கூடாத மருந்து இது. இரத்தத்தில் பொட்டாசியம் லிட்டருக்கு 3.5 முதல் 5 மில்லிமோல் வரை இருக்க வேண்டும். அதற்கு மிகவும் கீழே இறங்கினாலும் மிகவும் மேலே ஏறினாலும் இதயத் துடிப்பு தாறுமாறாகலாம். மிஞ்சியதைப் பெரும்பாலும் சிறுநீரகம்தான் வெளியேற்றுகிறது. அது சரியாக வேலை செய்கிறதா என்று தெரியாமல் பாட்டிலைத் திறக்கக் கூடாது.

படி 1: எண்ணைத் தெரிந்துகொள்ளுங்கள்

லேபில் ‘சீரம் எலக்ட்ரோலைட்ஸ்’ (இரத்தத்தில் பொட்டாசியம், சோடியம் போன்றவற்றின் அளவு), ‘கிரியாட்டினின்’ (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டுவது) இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். அசதியும் தசைப்பிடிப்பும் வேறு பல காரணங்களாலும் வரும். அறிகுறியை மட்டும் வைத்துப் பொட்டாசியம் குறைவு என்று முடிவு கட்ட முடியாது.

இரத்தம் எடுக்கும் விதத்தாலேயே எண் மாறிவிடும். ரப்பர் பட்டையை நெடுநேரம் இறுக்கிக் கட்டி, விரல்களை மடக்கி மடக்கி விரித்தால் தசையிலிருந்து பொட்டாசியம் கசிந்து கூடுதலாகக் காட்டும். குழாய்க்குள் இரத்த அணுக்கள் உடைந்தாலும் இதேதான். ரிப்போர்ட்டின் அடியில் ‘ஹீமோலைஸ்டு’ என்று குறித்திருந்தால் அந்த எண்ணை நம்பாதீர்கள், மறுபடி எடுக்கச் சொல்லுங்கள். உண்மையில் 3.2 இருப்பவருக்கு 3.9 என்று வந்து, இருக்கும் குறைவு மறைந்துபோகவும் வாய்ப்புண்டு.

2.5-க்குக் கீழே இருந்தாலோ, எண் எதுவானாலும் படபடப்போ எழுந்து நடக்க முடியாத பலவீனமோ இருந்தாலோ வீட்டில் சிரப் குடித்துச் சமாளிக்கக் கூடாது. உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

படி 2: ஏன் குறைந்தது?

நீர் பிரியும் மாத்திரைகள் (ஃப்யூரோசமைடு, ஹைட்ரோகுளோரோதயசைடு, குளோர்தாலிடோன்), வாந்தி, வயிற்றுப்போக்கு ஆகியவைதான் அடிக்கடி காணும் காரணங்கள். பலர் கவனிக்காமல் விடுவது மக்னீசியம். அது குறைந்திருந்தால், எவ்வளவு பொட்டாசியம் கொடுத்தாலும் சிறுநீரில் போய்க்கொண்டே இருக்கும். பல நாள் சிரப் குடித்தும் எண் ஏறவில்லை என்றால் மக்னீசியத்தையும் பார்க்கச் சொல்லி மருத்துவரிடம் கேளுங்கள்.

படி 3: வீட்டிலுள்ள மாத்திரைகளை எடுத்துப் பாருங்கள்

ஆபத்து பெரும்பாலும் இங்கேதான் இருக்கிறது. கீழே உள்ளவை பொட்டாசியத்தை உடம்பிலேயே தங்க வைப்பவை:

- இரத்த அழுத்த மாத்திரைகள்: டெல்மிசார்ட்டன், லோசார்ட்டன், எனலாப்ரில், ராமிப்ரில்
- ஸ்பைரனோலாக்டோன், எப்லரினோன், அமிலோரைடு
- வலி மாத்திரைகள்: டைக்ளோஃபெனாக், ஐபுப்ரூஃபன்
- கோட்ரைமாக்சசோல் என்னும் நுண்ணுயிர்க் கொல்லி

ஃப்யூரோசமைடும் ஸ்பைரனோலாக்டோனும் ஒரே மாத்திரையில் சேர்ந்தே வருகின்றன. ஒன்று பொட்டாசியத்தை வெளியேற்றும், மற்றது பிடித்து வைக்கும். ‘நான் நீர் மாத்திரைதான் போடுகிறேன், பொட்டாசியம் குறையும்’ என்று நினைத்துச் சிரப்பையும் குடித்தால் அளவு ஏறிவிடும். அட்டையைத் திருப்பி, பெயருக்குக் கீழே உள்ள மூலப்பொருட்களைப் படியுங்கள். இந்தப் பட்டியலில் உள்ள எதையாவது சாப்பிடுபவரும் சிறுநீரகக் கோளாறு உள்ளவரும், அதைத் தெரிந்த மருத்துவர் எழுதிக் கொடுக்காமல் பொட்டாசியத்தைத் தொடக் கூடாது.

படி 4: எந்த வகை?

பொட்டாசியம் குளோரைடுதான் பொதுவான தேர்வு. வாந்தியிலும் நீர் மாத்திரையிலும் பொட்டாசியத்தோடு குளோரைடும் போய்விடுவதால் இரண்டும் சேர்ந்து ஈடாகும். பொட்டாசியம் சிட்ரேட் பெரும்பாலும் சிறுநீரகக் கற்களுக்கானது, ஒன்றுக்கு மற்றொன்றை மாற்றி வாங்கக் கூடாது. சிறுநீர் எரிச்சலுக்குத் தரும் சிட்ரேட் சிரப்புகளில் டைசோடியம் ஹைட்ரஜன் சிட்ரேட் உள்ளவையும் உண்டு. அதில் இருப்பது சோடியம், பொட்டாசியம் துளியும் கிடையாது.

ஆன்லைனில் கிடைக்கும் பொட்டாசியம் குளுக்கோனேட் மாத்திரையில் 595 மி.கி. என்று பெரிதாகப் போட்டிருக்கும். அதில் உள்ள பொட்டாசியம் 99 மி.கி.தான். ஒரு நடுத்தர வாழைப்பழத்தில் ஏறக்குறைய 400 மி.கி. இருக்கிறது. உண்மையான குறைவை இந்த மாத்திரையால் சரிசெய்ய முடியாது. குறைவே இல்லாதவருக்கு அது தேவையும் இல்லை.

படி 5: அளவைப் புரிந்துகொள்ளுங்கள்

மருந்துச் சீட்டில் மில்லி ஈக்விவலன்ட் (mEq) என்ற அலகு இருக்கும். பொட்டாசியத்தில் 1 மில்லி ஈக்விவலன்ட் என்பது 39 மி.கி. 10 சதவீதப் பொட்டாசியம் குளோரைடு சிரப்பில் 15 மி.லி. குடித்தால் பொட்டாசியம் குளோரைடு 1.5 கிராம், அதில் பொட்டாசியம் சுமார் 785 மி.கி., அதாவது 20 மில்லி ஈக்விவலன்ட். 600 மி.கி. மாத்திரை ஒன்றில் 8. ஒரே வேளையில் 20-ஐத் தாண்டக் கூடாது. அதற்கு மேல் தேவையென்றால் மருத்துவர் வேளைகளாகப் பிரித்துக் கொடுப்பார்.

டீஸ்பூன் 5 மி.லி., டேபிள்ஸ்பூன் 15 மி.லி. இந்த இரண்டும் மாறினால் அளவு மூன்று மடங்காகும். சமையலறைக் கரண்டி வேண்டாம். பாட்டிலோடு வரும் கோடு போட்ட மூடியில் மட்டும் அளந்து ஊற்றுங்கள். சீட்டில் ‘ஸ்பூன்’ என்று மட்டும் இருந்தால் எத்தனை மி.லி. என்று கேட்டு எழுதி வாங்குங்கள்.

படி 6: குடிக்கும் முறை

சிரப்பை அப்படியே வாயில் ஊற்றினால் வயிறு எரியும், குமட்டும், பலர் வாந்தி எடுப்பார்கள். அரை டம்ளர் (குறைந்தது 120 மி.லி.) குளிர்ந்த தண்ணீரில் கலந்து, சாப்பிட்டவுடன், 5 முதல் 10 நிமிடத்தில் சிறுகச் சிறுகக் குடியுங்கள்.

மாத்திரையை உணவோடு, ஒரு டம்ளர் நிறையத் தண்ணீருடன், உட்கார்ந்தோ நின்றோ விழுங்க வேண்டும். விழுங்கிவிட்டு உடனே படுத்தால் உணவுக்குழாயில் ஒட்டிப் புண்ணாக்கும். மெதுவாகக் கரையும் வகையைக் கடிக்கவோ பொடிக்கவோ கூடாது: பல மணி நேரத்தில் வெளிவர வேண்டிய உப்பு ஒரே இடத்தில் கொட்டிக் குடலை அரித்துவிடும். சில வகைகளின் கூடு மலத்தில் முழு மாத்திரை போலவே வெளியேறும். மருந்து ஏற்கெனவே உடம்பில் சேர்ந்திருக்கும், இன்னொன்று போட வேண்டாம்.

ஒரு வேளை மறந்துபோனால் அடுத்த வேளையில் இரட்டிப்பாக்காதீர்கள். கறுப்பாக மலம் போனாலோ கடும் வயிற்றுவலி வந்தாலோ மருந்தை நிறுத்திவிட்டு அன்றே மருத்துவரைப் பாருங்கள்.

படி 7: சாப்பாட்டில் வருவதையும் கணக்கில் சேருங்கள்

இளநீரில் 100 மி.லி.-க்குச் சுமார் 250 மி.கி. பொட்டாசியம். 300 மி.லி. தண்ணீர் உள்ள ஒரு காயைக் குடித்தால் கிட்டத்தட்ட ஒரு வேளைச் சிரப் குடித்ததற்குச் சமம். உலக சுகாதார நிறுவனக் கலவைப்படி தயாரித்த ஓ.ஆர்.எஸ். ஒரு லிட்டரிலும் இதே 20 மில்லி ஈக்விவலன்ட்தான். வயிற்றுப்போக்கு வந்தவருக்குச் சிரப், இளநீர், ஓ.ஆர்.எஸ். மூன்றையும் அன்போடு ஊற்றிக் கொடுக்கும் வீடுகளில், இரண்டு நாளில் எண் எங்கே போகும் என்று எண்ணிப் பாருங்கள். சிறுநீர் குறைந்திருந்தால் இன்னும் வேகமாக ஏறும்.

அடுத்தது சோடியம் குறைந்த உப்பு. அதில் சோடியத்துக்குப் பதில் சேர்ப்பது பொட்டாசியம் குளோரைடுதான். 25 சதவீதம் கலந்த உப்பை ஒரு நாளில் 5 கிராம் சேர்த்தால், உடம்புக்குள் போகும் பொட்டாசியம் சுமார் 650 மி.கி. பொதுவாகப் பெரியவர்களுக்கு இந்த உப்பைப் பரிந்துரைத்த உலக சுகாதார நிறுவனத்தின் 2025 வழிகாட்டுதல், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், கர்ப்பிணிகள், குழந்தைகளுக்கு அதைப் பரிந்துரைக்கவில்லை.

படி 8: மறுபரிசோதனை, நிறுத்தும் நாள்

சிரப் எழுதிக் கொடுத்த அன்றே இரண்டு கேள்விகளைக் கேளுங்கள்: எத்தனை நாள் குடிக்க வேண்டும், எப்போது மறுபடி இரத்தம் பார்க்க வேண்டும். பலருக்குச் சில நாளிலிருந்து ஒரு வாரத்துக்குள் பார்க்கச் சொல்வார்கள். நீர் மாத்திரையை நிறுத்தினாலோ மாற்றினாலோ, வயிற்றுப்போக்கு நின்றாலோ, அன்றே மருத்துவரை அழைத்துச் சிரப்பைத் தொடரலாமா என்று கேளுங்கள். காரணம் போன பிறகும் பழைய சீட்டைக் காட்டி வாங்கிக் குடிப்பதாலும் அளவு மிகையாகிறது.

மிகையானது பல நேரம் அறிகுறியே காட்டாது. கை கால் மரத்துப்போவது, தசை தளர்வது, துடிப்பு விட்டு விட்டு அடிப்பது, மயக்கம் ஆகியவற்றில் ஏதாவது வந்தால் 108-ஐ அழையுங்கள். பாட்டிலையும் மற்ற மாத்திரை அட்டைகளையும் கையோடு எடுத்துச் சென்று, கடைசியாக எத்தனை மணிக்கு எத்தனை மி.லி. குடித்தார் என்று அவசரப் பிரிவில் முதலிலேயே சொல்லுங்கள். உடனே இ.சி.ஜி. எடுக்க அது உதவும்.