செட்டிநாட்டு வீட்டுக்கு ஒரு தேக்கு அலமாரி: முதன்முறை செய்பவர்களுக்கு

கானாடுகாத்தானில் ஓர் ஆச்சிக்கு இந்த ஆண்டு ஒரு தேக்கு அலமாரி செய்து கொடுத்தேன். 6½ அடி உயரம், 4 அடி அகலம், 22 அங்குல ஆழம், இரட்டைக் கதவு. தச்சு வேலை பழகத் தொடங்கியிருப்பவர்களுக்காக, அதைச் செய்த வரிசையிலேயே எழுதுகிறேன். முக்காலி, சின்ன மேசை என்று ஒன்றிரண்டு செய்து கை பழகியிருந்தால் போதும், துணிந்து இறங்கலாம். அளவுகளை அங்குலத்திலும் நூலிலும் சொல்கிறேன். ஓர் அங்குலத்துக்கு 8 நூல்.

வீட்டையும் சேர்த்து அளக்க வேண்டும்

அலமாரி நிற்கப்போகும் சுவரை மட்டும் அளந்துகொண்டு திரும்பிவிடாதீர்கள். தெருவாசலில் தொடங்கி முகப்பு, வளவு (நடுமுற்றத்தைச் சுற்றிய பகுதி), அறைக்கதவு வரை அது போகும் வழி முழுவதையும் அளக்க வேண்டும். செட்டிநாட்டு வீடுகளில் முன்வாசல் யானை நுழையும் அளவுக்கு இருக்கும். உள்ளறை வாசலோ குறுகல், நிலைப்படி உயரம். ஆச்சியின் அறை வாசல் 2 அடி 4 அங்குலம்தான். முழு அலமாரியாக உள்ளே திருப்ப வழியே இல்லை. எனவே பக்கங்கள், கதவுகள், மேல்பாகம், அடிப்பாகம் எல்லாம் தனித்தனியாகப் போய், அறைக்குள் சேரும்படி திட்டமிட்டேன்.

அடுத்து, உள்ளே என்ன வைக்கப்போகிறார்கள் என்று கேளுங்கள். கேட்பதோடு நிற்காமல் அந்தப் பொருளையே எடுத்துவரச் சொல்லுங்கள். ஆச்சி தம் கண்டாங்கிச் சேலைகளை மடித்தபடியே கொண்டுவந்து பாயில் வைத்தார். "தம்பி, இதை இன்னொரு மடிப்பு மடித்தால் ஜரிகை முறியும்" என்றார். மடிப்பை அளந்தேன்: 15 அங்குல நீளம், 11 அங்குல அகலம். தட்டின் அளவு அங்கேயே முடிவாகிவிட்டது. பருத்திச் சேலை அடுக்கினால் நல்ல கனம் இருக்கும். 3½ அடிக்கு மேல் ஒரே தட்டாக ஓடினால் நாளடைவில் நடுவில் தொய்யும். அதனால் உள்ளே நடுவில் ஒரு தடுப்பு கொடுத்து, தட்டுகளை இரண்டாகப் பிரித்தேன். ஹேங்கரில் மாட்டும் உடை வேண்டும் என்பவர்களுக்கு உள் ஆழம் 22 அங்குலத்துக்குக் குறையாமல் வையுங்கள்.

அளவு, மரம், முன்பணம், முடித்துத் தரும் நாள் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்திடுவது நல்லது.

மரம் எடுப்பது

மரத்தைக் கன அடிக் கணக்கில் விற்பார்கள். நீளத்தை அடியிலும், அகலத்தையும் கனத்தையும் அங்குலத்திலும் பெருக்கி 144ஆல் வகுத்தால் கன அடி வந்துவிடும். 7 அடி நீளம், 6 அங்குல அகலம், 1 அங்குல கனமுள்ள பலகை ஏறத்தாழ 0.29 கன அடி. கணக்குப் போட்டதற்கு மேல் கால் பங்கு கூடுதலாக வாங்குங்கள். கணு, வெடிப்பு, வெள்ளை (வைரம் பாயாத வெளிமரம்) என்று கழிந்துபோகும்.

'பர்மா தேக்கு' என்று யாராவது சொன்னால் ஒரு கேள்வி கேட்கத் தயங்காதீர்கள். 2014 ஏப்ரல் முதல் மியன்மார் உருட்டு மரமாக ஏற்றுமதி செய்வதை நிறுத்திவிட்டது. நம் பக்கத்தில் உண்மையான பழைய பர்மா தேக்கு இடிந்த வீடுகளில் இருந்துதான் அதிகம் கிடைக்கிறது. ஆச்சி வீட்டில் இரண்டாம் கட்டு (வளவுக்குப் பின்னால் உள்ள பகுதி) விழுந்தபோது எடுத்து வைத்த பலகைகள் கிடந்தன. கதவுப் பலகைக்கு அவற்றையே எடுத்துக்கொண்டேன். மேலே கறுத்துக் கிடந்ததை இழைப்புளியால் ஒரு தடவை இழுத்ததும் உள்ளே தேன் நிறம் தெரிந்தது. தேக்கின் எண்ணெய் வாசமும் எழுந்தது. ஆச்சி அந்தச் சுருளைக் கையில் எடுத்து முகர்ந்து பார்த்துவிட்டு, வெகுநேரம் வைத்திருந்தார். பழைய மரத்தை இழைக்கும் முன் காந்தம் வைத்துத் தேடி ஆணிகளைப் பிடுங்கிவிடுங்கள். ஓர் ஆணி போதும், உளியின் வாய் போய்விடும்.

புது மரமானால் ஈரமானி வைத்துப் பாருங்கள், 10 முதல் 12 சதவீதம் இருக்க வேண்டும். பலகைகளுக்கு இடையே ரீப்பர் கட்டை வைத்து, பட்டறையில் நிழலில் சில வாரம் அடுக்கி வையுங்கள்.

கதவு: பலகைக்குப் பசை போடாதீர்கள்

இந்தப் பகுதியை மட்டும் இரண்டு முறை படியுங்கள். நான் செய்த முதல் அலமாரியில், உறுதியாக இருக்கட்டும் என்று சட்டத்தின் காடிக்குள் (பலகை செருகச் சட்டத்தின் உள்ளோரத்தில் எடுக்கும் பள்ளம்) பசை ஊற்றிப் பலகையை இறுக்கினேன். பங்குனியில் செய்தது. ஐப்பசி மழையில் பலகை ஊதி, சட்டத்தின் மூட்டு விலகியது. அடுத்த சித்திரையில் சுருங்கும்போது நட்ட நடுவில் வெடித்தது. அந்த வெடிப்பைப் பார்த்த பிறகுதான் எனக்கு விஷயம் முழுவதும் விளங்கியது.

மரம் நீளவாக்கில் அசைவதில்லை என்றே சொல்லலாம். அகலவாக்கில் மழைக்கு விரியும், வெயிலுக்குச் சுருங்கும். 16 அங்குல அகலத் தேக்குப் பலகையின் ஈரம் 4 சதவீதம் மாறினால், அகலம் ஏறத்தாழ ஒரு நூல் மாறும். அந்த ஒரு நூலுக்கு இடம் கொடுப்பதற்காகத்தான் சட்டமும் காடியும்.

என் கதவு 22 அங்குல அகலம். இருபுறச் சட்டமும் தலா 3 அங்குலம். நடுவில் 16 அங்குல இடைவெளி. சட்டத்தின் கனம் 9 நூல். அதில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது 3 நூல் கனத்துக்கு நாக்கு (குறுக்குச் சட்டத்தின் முனையில் சீவி, நிமிர்ந்த சட்டத்தின் துளைக்குள் செருகும் பகுதி). அதே அகலத்துக்குக் காடி. காடியின் ஆழம் 4 நூல். பலகை ஒவ்வொரு பக்கமும் 3 நூல்தான் உள்ளே போக வேண்டும், 1 நூல் வெறுமையாக இருக்க வேண்டும். ஆகவே பலகையின் அகலம் 16 அங்குலம் 6 நூல். மூன்று பலகைகளை ஓரத்தோடு ஓரம் ஒட்டி இந்த அகலத்தைச் சேர்க்கலாம். அங்கே பசை தாராளமாகப் போடலாம், மூன்றும் ஒன்றாகவே விரியும், சுருங்கும்.

நாக்கு போகும் துளையை எடுக்கும்போது கோட்டின் மேல் உளியை வைக்காதீர்கள். ஒரு நூல் உள்ளே தள்ளித் தொடங்கி, கொட்டாப்புளியால் (மரச் சுத்தியல்) சிறு சிறு அடியாக இறக்கி, கடைசியில் கோடு வரை சீவுங்கள். நாக்கு கையால் அழுத்தினால் போக வேண்டும். சுத்தியல் கேட்டால் இன்னும் இழைக்க வேண்டும் என்று பொருள். தானாக விழுந்தால் அந்தத் துண்டை மாற்றுவதே நல்லது.

மூட்டை இழுத்துப் பிடிக்க மூங்கில் ஆணி. முதலில் நிமிர்ந்த சட்டத்தில் மட்டும் ஆணிக்கான துளை போடுங்கள். நாக்கை உள்ளே செருகி, ஆணித்துளை படும் இடத்தில் குறி வைத்து வெளியே எடுங்கள். நாக்கில் அந்தக் குறியில் போடாமல், தோள்பக்கமாக (தோள் என்பது நாக்கு தொடங்கும் இடத்தில் உள்ள படி) அரை நூல் தள்ளித் துளையிடுங்கள். பிறகு சேர்த்து மூங்கில் ஆணியை அடித்தால், ஆணியே நாக்கை உள்ளே இழுத்து, தோள் சட்டத்தோடு மயிரிழை தெரியாமல் பொருந்தும்.

சேர்க்கும் முன் செய்ய வேண்டியவை இரண்டு. பலகையின் ஓரம் வரை முதல் பாலிஷ் பூசிவிடுங்கள். கோடையில் சுருங்கும்போது வெளுத்த கோடு தெரியாது. பலகையின் நான்கு மூலைகளிலும் மெழுகு தேயுங்கள், மூட்டில் பிதுங்கும் பசை ஒட்டாது. தேக்கில் எண்ணெய் உண்டு. அதனால் நாக்கை இழைத்த அன்றே, தின்னர் தொட்ட துணியால் துடைத்துவிட்டுப் பசை போடுங்கள். கிளாம்ப் இறுக்கிய உடனே மூலைக்கு மூலை டேப் வைத்துப் பாருங்கள். இரண்டு அளவும் ஒன்றாக இருந்தால் கதவு சதுரம். மறுநாள் வரை தொடாதீர்கள்.

உடல்

பக்கங்களும் கதவைப் போலவே சட்டமும் பலகையும்தான். மூலைக்கால் 2 அங்குலம். இரு பக்கங்களையும் இணைக்கும் மேல், கீழ்க் கட்டைகளை மட்டும் பசையில்லாமல் போல்ட்-நட் போட்டு, தலையைக் குழித்து மறைத்தேன். பின்புறத்துக்கு 6 மி.மீ. ப்ளைவுட் போதும். தரைக்கு மேல் 4 அங்குலம் கால் விடுங்கள்; துடைப்பம் உள்ளே போக வேண்டும். தண்ணீர் ஊற்றித் தரை கழுவும் வீடுகளில் காலின் அடிமுனைதான் முதலில் ஈரம் குடிக்கும், அங்கே வார்னிஷை இரண்டு மூன்று கை கூடுதலாகக் கொடுங்கள்.

உப்புத்தாள் 80, 120, 180, 220 என்ற வரிசையில், மரத்தின் ஓட்டத்தோடு மட்டும். வெளியே ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கு நான்கு கை. உள்ளே, சேலை படும் தட்டுகளை இழைத்தபடியே விட்டுவிட்டேன்.

வீட்டில் நிறுத்துவது

ஆச்சியின் அறையில் ஆத்தங்குடிக் கல் தரை. பார்வைக்குச் சமமாக இருந்தாலும் மட்டம் வைத்தபோது முற்றத்துப் பக்கம் 3 நூல் சரிந்திருந்தது. கதவைத் தொங்கவிடும் முன் காலுக்கு அடியில் தேக்கு ஆப்பு வைத்து மட்டமாக்குங்கள். இல்லாவிட்டால் கதவு தானே திறந்துகொள்ளும், நாம் கீலைக் குறை சொல்வோம். கோடையில் மாட்டுவதானால் இரு கதவுகளுக்கும் நடுவில் ஒரு நூல் இடைவெளி விடுங்கள்.

மழைக்காலம் பிறந்ததும் ஒரு தடவை போய்ப் பார்த்து வருகிறேன் என்று வேலை ஒப்புக்கொள்ளும்போதே சொல்லிவிடுங்கள். நான் கார்த்திகையில் போனேன். இடைவெளி அரை நூலாகக் குறைந்திருந்தது. வலது கதவு மேல்முனையில் மட்டும் லேசாக உரசியது. இழைப்புளியால் இரண்டு இழுப்பு, அந்த இடத்தில் ஒரு கை அரக்கு. ஆச்சி கதவை மூடித் திறந்து பார்த்துவிட்டு, மேல் தட்டில் சேலைகளை அடுக்கத் தொடங்கினார்.