பெயரைப் பார்த்து வாங்காதீர்கள்: அறிவியல் புனைவுக்குப் புதியவர்கள் செய்யும் தவறுகள்

குன்னூரில் நாங்கள் சில பேர் சேர்ந்து நடத்தும் வாசகர் வட்டத்துக்கு வருஷா வருஷம் புது முகங்கள் வரும். ஒரு நாவலைப் படித்துக் கிறங்கிப்போய் வருவார்கள். அதே எழுத்தாளரின் அடுத்த புத்தகத்தில் நொந்துபோய்க் காணாமல் போவார்கள். நாங்கள் ஒரு காலத்தில் பட்டதையே இவர்களும் படுவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. அட்டைப்படத்தைப் பார்த்து வாங்குவது, சுருக்கப் பதிப்பில் ஏமாறுவது எல்லாவற்றையும் விட்டுவிடுகிறேன். ஒரு முறை பட்டால் அதெல்லாம் தானாகப் புரிந்துவிடும்.

படம் பார்த்துவிட்டுக் கையில் கிடைத்ததை எடுப்பது

'பிளேட் ரன்னர்' படத்தைப் பார்த்தவர் அடுத்த வாரமே கோவை உக்கடத்துப் பழைய புத்தகக் கடையில், அதன் மூல நாவலை எழுதிய ஃபிலிப் கே. டிக் பெயர் போட்ட எதையாவது தூக்கிக்கொண்டு வருவார். டிக் 1963, 64 இரண்டே ஆண்டுகளில் பத்து நாவல்களுக்கு மேல் எழுதித் தள்ளியவர். மலிவுப் பதிப்புக்காரர்கள் கொடுத்த சொற்பப் பணத்தில் குடும்பம் ஓடவேண்டியிருந்தது. அதற்காக, வேகமாக எழுதியதெல்லாம் மட்டம் என்றும் முடிவு கட்டாதீர்கள். 1964-ல் வெளியான 'மார்ஷியன் டைம் ஸ்லிப்' அருமையான நாவல். அதே காலத்தில் எழுதிய 'தி ஸாப் கன்' சகிக்காது. முதலில் 'யூபிக்' (1969) படியுங்கள். மற்றதையெல்லாம் ஒவ்வொன்றாக விசாரித்துவிட்டு எடுங்கள்.

முழு செட்டையும் வாங்குவது

இதை நினைத்தாலே எனக்கு இன்னமும் எரிச்சல் வரும்.

கோத்தகிரிப் பக்கம் டீ ஃபேக்டரியில் வேலை பார்க்கும் தம்பி ஒருவர் 'டியூன்' முதல் புத்தகத்தை எங்களிடம் இரவல் வாங்கிப் போய், தூக்கத்தைத் தொலைத்துப் படித்தார். சம்பளம் வந்ததும் ஆர்டர் போட்டுவிட்டார். "அண்ணே, ஃப்ராங்க் ஹெர்பர்ட் எழுதின மீதி அஞ்சு, அப்புறம் அவர் மகன் எழுதினது, எல்லாம் சேர்த்தே வாங்கிட்டேன். தள்ளுபடி போட்டிருந்தான்."

"மூணோட நிறுத்தியிருக்கலாமே தம்பி" என்றேன். சிரித்தார்.

மூன்று என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. முதல் நாவலை (1965) முடிக்கும் முன்பே அடுத்த இரண்டின் சில பகுதிகளை ஹெர்பர்ட் எழுதி வைத்திருந்தார். முதல் புத்தகத்தில் தூக்கி நிறுத்திய நாயகனை இரண்டாவதில் (1969) அவரே சாய்க்கிறார். சின்னப் புத்தகம்தான், ஆனால் அது இல்லாமல் முதலாவது பாதிதான் புரியும். மூன்றாவது 1976. நான்காவது 1981-ல் வந்தது. கதை 3,500 ஆண்டுகள் தாவிவிடும். பாதி புழுவாகிவிட்ட சக்கரவர்த்தி பக்கம் பக்கமாகப் பிரசங்கம் செய்வார். எனக்கு அது பிடிக்கும். ஆனால் பாலைவனச் சண்டையை எதிர்பார்த்து வருகிறவருக்கு அது தண்டனை. 1986-ல் ஹெர்பர்ட் காலமானார். 1999 முதல் மகன் பிரையன், கெவின் ஜே. ஆண்டர்சனோடு சேர்ந்து எழுதி வருபவை வேறு கை, வேறு சமையல்.

தம்பி நான்காவதில் மாட்டிக்கொண்டார். காசு கொடுத்து வாங்கியாயிற்று, வரிசையாகத்தான் படிப்பேன் என்ற பிடிவாதம் வேறு. அதை முடிக்கவும் முடியவில்லை, வேறொன்றை எடுக்கவும் மனமில்லை. மீதி அத்தனையும் அலமாரிக்குப் போயின. ஜூலை மழையில் இங்கே செருப்புக்கே பூஞ்சணம் பிடிக்கும், பிரிக்காத புத்தகம் எம்மாத்திரம்?

காசு போனதுகூடப் பரவாயில்லை. "சயின்ஸ் ஃபிக்‌ஷன்னாலே இழுவைண்ணே" என்று இப்போது பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார். அதைத்தான் தாங்க முடியவில்லை.

வாங்கும் முன் உள்ளே பதிப்பு விவரப் பக்கத்தைப் புரட்டுங்கள். முதலில் வந்தது எந்த ஆண்டு, முந்தைய பாகத்துக்கும் இதற்கும் எவ்வளவு இடைவெளி, அட்டையில் பொடி எழுத்தில் இன்னொரு பெயர் ஒளிந்திருக்கிறதா என்று பாருங்கள். ஆர்தர் சி. கிளார்க்கின் 'ரெண்டெவூ வித் ராமா' 1973-ல் வந்தது. அதில் வரும் விண்கலத்தைச் செய்தது யார், அது எதற்காகப் போகிறது என்று கடைசிவரை சொல்லாததுதான் அதன் அழகு. 1989 முதல் வந்த தொடர்ச்சிகளில் ஜென்ட்ரி லீ பெயரும் இருக்கும். எழுத்து பெரும்பாலும் அவருடையது. கிளார்க் சொல்லாமல் விட்டதையெல்லாம் அதில் விளக்கியே தீர்த்துவிடுவார்கள். அசிமோவின் 'ஃபவுண்டேஷன்' 1942-ல் தொடங்கிப் பத்திரிகைக்கு எழுதிய கதைகள். 1951-க்கும் 53-க்கும் இடையில் மூன்று புத்தகங்களாயின. பதிப்பகம் விடாமல் நச்சரித்ததால் நான்காவதை எழுதியது 1982-ல். சிக்கனமான கதைகள் இருந்த இடத்தில் தடித்த நாவல். நன்றாக விற்றது, அறிவியல் புனைவுக்கான ஹியூகோ விருதும் வாங்கியது. எனக்கு ஒப்பவில்லை.

விருதை நம்புவது

1955-ல் ஹியூகோ வாங்கிய நாவல் எது என்று யாரையாவது கேட்டுப் பாருங்கள். அநேகமாகத் தெரியாது என்பார்கள். விருது வாங்கிவிட்டது என்பதற்காகவே ஒரு புத்தகம் நிலைத்துவிடாது.

சுஜாதாவைத் தொடர்கதையில் தொடங்குவது

'என் இனிய இயந்திரா' விகடனில் தொடராக வந்தது. ஜீனோ என்ற இயந்திர நாய்க்குட்டிக்காகவே படிக்கலாம். ஆனால் வாரா வாரம் கடைசி வரியில் யாராவது மாட்டிக்கொள்ள வேண்டும், அடுத்த வாரம் தப்பிக்க வேண்டும். வாரம் ஒன்றாகப் படித்தவர்களுக்கு அது சுகம். புத்தகமாக ஒரே மூச்சில் படித்தால் மேட்டுப்பாளையம் இறங்குகிற மாதிரி தலை சுற்றும். பாரத் எலெக்ட்ரானிக்ஸ் (பெல்) நிறுவனத்தில் வேலையும் பார்த்துக்கொண்டு, வார இதழ்களுக்குத் தொடரும் எழுதியவர் அவர். எல்லாம் ஒரே தரத்தில் இருக்கும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. அவருடைய பலம் சிறுகதை. 'திமலா'வில் தொடங்குங்கள். நாவலைத்தான் படிப்பேன் என்றால், ராத்திரிக்கு இரண்டு அத்தியாயம் போதும்.

"தொண்ணூறு சதவீதம் குப்பைதானே"

அறிவியல் புனைவை ஒதுக்குகிறவர்கள் இதைத்தான் சொல்வார்கள். ஆனால் அறிவியல் புனைவு எழுத்தாளர் தியடோர் ஸ்டர்ஜன் அப்படிச் சொன்னது எல்லாத் துறைக்கும் சேர்த்து.

அறிவியல் பழசாகிவிட்டது என்று மூடி வைப்பது

முத்தோரைச் சரிவில் 530 மீட்டர் நீளத்துக்குக் கிடக்கும் ரேடியோ தொலைநோக்கியைப் பார்த்தே வளர்ந்த ஊட்டிப் பையன் ஒருவன், அசிமோவின் 'லக்கி ஸ்டார்' வரிசையில் ஒன்றைப் பாதியில் திருப்பிக் கொடுத்தான். புதன் கோள் எப்போதும் ஒரே முகத்தைத்தான் சூரியனுக்குக் காட்டும் என்று அதில் இருக்கிறதாம். அது 1956-ல் வந்த புத்தகம். அப்படியில்லை என்று ரேடார் காட்டிக்கொடுத்தது 1965-ல். பிற்காலப் பதிப்புகளின் முன்னுரையில் அசிமோவே இதையெல்லாம் சொல்லியிருக்கிறார்.

அவன் கோபப்பட வேண்டியது வேறொன்றுக்கு. அந்த வரிசை சிறுவர்களுக்காக, பால் ஃப்ரெஞ்ச் என்ற புனைபெயரில் எழுதியது. மறுபதிப்புகளில் அசிமோவ் பெயரைப் போட்டுவிட்டார்கள். 'ஃபவுண்டேஷன்' எழுதிய கையாயிற்றே என்று எடுத்தால் ஏமாற்றம்தான். பன்னிரண்டு வயதில் படித்தால் குறை தெரியாது.

அதற்குப் பதிலாக 1972-ல் வந்த 'தி காட்ஸ் தெம்செல்வ்ஸ்' கொடுத்திருக்கிறேன். முதல் பகுதி வறட்சி, கடைசிப் பகுதி சுமார். வேற்றுலக உயிர்கள் வரும் நடுப்பகுதி மட்டும் அவர் எழுதியதிலேயே உச்சம். "நடுவுல இருந்து ஆரம்பிடா, புடிச்சிருந்தா மத்ததுக்குப் போ" என்று சொல்லித்தான் கொடுத்தேன்.