கூகுளில் தளம் மேலே வர, கீவேர்டுக்கு முன் பார்க்க வேண்டியவை

புதிதாகத் தளம் தொடங்கியவர்கள் முதலில் தேடுவது கீவேர்டைத்தான், அதாவது மக்கள் கூகுளில் தட்டும் சொற்களைத்தான். அதற்கு முன் ஒன்றைப் பார்த்துவிடுங்கள்: உங்கள் பக்கம் கூகுளின் இன்டெக்ஸில், அதாவது தேடல் முடிவில் காட்ட அது சேர்த்துவைக்கும் பக்கங்களின் தொகுப்பில், இருக்கிறதா? இல்லையென்றால் ரேங்க் (தேடல் முடிவில் எத்தனையாவது இடம்) என்ற பேச்சுக்கே இடமில்லை.

படி 1: கூகுள் தேடலில் உங்கள் தளம் எப்படி இருக்கிறது என்று காட்டும் கூகுள் சர்ச் கன்சோலில் தளத்தைச் சேருங்கள். இலவசம்தான். தளம் உங்களுடையது என்று உறுதிசெய்த பிறகு, மேலே உள்ள பெட்டியில் பக்கத்தின் முழு முகவரியை ஒட்டுங்கள். பக்கம் இன்டெக்ஸில் இல்லையென்றால் காரணத்தையும் காட்டும். 'நோஇன்டெக்ஸ்' (இன்டெக்ஸில் சேர்க்காதே என்று பக்கமே சொல்வது) என்று வந்தால், வேர்ட்பிரஸ்காரர்கள் நேராக செட்டிங்ஸில் 'ரீடிங்' பகுதிக்குப் போங்கள். தேடுபொறிகளை வரவேண்டாம் என்று சொல்லும் டிக் ஒன்று அங்கே இருக்கும். தளம் தயாராகும்வரை போட்டுவைத்த டிக்கை அப்புறம் எடுக்க மறப்பது சர்வசாதாரணம்.

படி 2: சர்ச் கன்சோலிலேயே சைட்மேப் (தளத்தின் பக்கங்களைப் பட்டியலிடும் கோப்பு) முகவரியைச் சமர்ப்பியுங்கள். 2020-இல் வந்த 5.5 பதிப்பிலிருந்து வேர்ட்பிரஸ் அதைத் தானே உருவாக்கிவிடுகிறது.

படி 3: சில வாரங்கள் கழித்து சர்ச் கன்சோலின் பெர்ஃபார்மன்ஸ் ரிப்போர்ட்டைத் திறந்து, 'சராசரி இடம்' என்பதையும் டிக் செய்யுங்கள். என்னைக் கேட்டால், உண்மையான வேலை இங்கேதான் தொடங்குகிறது. 8 முதல் 20-ஆம் இடம்வரை நிற்கும் தேடல்களைக் குறித்துக்கொள்ளுங்கள். கூகுள் உங்களை ஏற்கெனவே ஓரளவு பொருத்தமாக நினைக்கும் இடங்கள் இவை. லேப்டாப் சூடாவதைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருக்கிறீர்கள்; மக்களோ 'சார்ஜ் போடும்போது லேப்டாப் சூடாகிறது' என்று தேடி அங்கே வருகிறார்கள் என்று வையுங்கள். அந்தப் பக்கத்தில் சார்ஜ் பற்றி ஒரே ஒரு வரிதான் இருக்கிறதா? தனித் துணைத்தலைப்பு போட்டு, காரணத்தையும் செய்யவேண்டியதையும் முழுதாக எழுதுங்கள். உங்கள் மற்ற பக்கங்களிலிருந்தும் அதற்கு லிங்க் கொடுங்கள்; 'இங்கே கிளிக் செய்யவும்' என்றில்லாமல், விஷயத்தைச் சொல்லும் சொற்களிலேயே. ஆனால் ஒரே கேள்வியைச் சொல் மாற்றிக் கேட்பதற்கெல்லாம் தனித்தனிப் பக்கம் வேண்டாம். உங்கள் பக்கங்களே ஒன்றோடொன்று மோதிக்கொள்ளும்.

நல்ல இடத்தில் இருந்தும் கிளிக் வரவில்லையா? டைட்டிலை மாற்றிப் பாருங்கள். தேடுபவரின் சொற்கள் அதில் முன்னால் வரட்டும். மெட்டா டிஸ்கிரிப்ஷன் (பக்கத்தைப் பற்றி நீங்கள் தரும் சிறு விவரம்) ரேங்கை உயர்த்தாது, கிளிக்கை வரவழைக்கலாம். பக்கத்தின் கோடில் கீவேர்டுகளை வரிசையாகப் போடும் மெட்டா கீவேர்டைத் தொடவே வேண்டாம். ரேங்குக்கு அதைப் பார்ப்பதில்லை என்று கூகுள் 2009-லேயே சொல்லிவிட்டது.

படி 4: வேகம். பக்கத்தின் முக்கியப் பகுதி 2.5 விநாடிக்குள் மொபைலில் தெரிய வேண்டும். பல தளங்களில் பெரிய படங்களைச் சுருக்கினாலே பாதி வேலை முடிந்துவிடும். வேகச் சோதனையில் 100-க்கு 100 ஸ்கோர் வாங்குவதெல்லாம் பொழுதுபோக்கு.

பேக்லிங்க் (மற்ற தளங்களிலிருந்து உங்கள் தளத்துக்கு வரும் லிங்க்) விற்பவர்கள் மெயில் அனுப்புவார்கள். ரேங்குக்காக லிங்க் வாங்குவது கூகுளின் ஸ்பேம் விதிகளை மீறுவது. அந்த மெயிலை அழித்துவிடுங்கள்.

படி 5: பக்கத்தைத் திருத்தியதும், முதல் படியில் பார்த்த அதே பெட்டி வழியாக மறுபடி இன்டெக்ஸ் செய்யக் கேளுங்கள். ஒருமுறை போதும், திரும்பத் திரும்ப அழுத்தினால் வேகம் கூடாது. ஒரு மாதம் போனதும், ரிப்போர்ட்டில் தேதிகளை ஒப்பிடும் வசதியில் திருத்தத்துக்கு முந்தைய 28 நாளையும் பிந்தைய 28 நாளையும் வைத்துப் பாருங்கள். இடம் நகரவில்லையென்றால், அந்தத் தேடலை நீங்களே கூகுளில் போட்டு, மேலே நிற்கும் பக்கங்கள் எதற்குப் பதில் சொல்கின்றன என்று படியுங்கள்.