விமான நிலையச் சோதனையில் சவரப் பை: பலரும் செய்யும் தவறுகள்

என் அப்பா முப்பது வருடம் பயன்படுத்திய சேஃப்டி ரேசர் ஒன்று விமான நிலையச் சோதனை மேசையில் நின்றுபோனது. பித்தளைக் கைப்பிடி, திருகித் திறக்கும் தலை. உள்ளே மாட்டியிருந்த பிளேடைக் கழற்றிப் போட்டிருந்தால் கைப்பிடியைக் கொண்டுபோயிருக்கலாம். அது அவருக்கும் தெரியவில்லை, பின்னால் நின்றிருந்த எனக்கும் தெரியவில்லை. பழகிய பொருளை இப்படி விட்டுவிட்டு வருபவர்களைப் பார்த்தால் இப்போதும் மனசு கேட்பதில்லை.

பெரும்பாலான சிக்கல் ‘ரேசர்’ என்ற ஒரே சொல்லில் தொடங்குகிறது. தூக்கி எறியும் ரேசர், பிளாஸ்டிக் உறைக்குள் பிளேடு பதிந்திருக்கும் கார்ட்ரிட்ஜ் ரேசர் இரண்டையும் விமானத்துக்குள் கையோடு எடுத்துப் போகும் கேபின் பையில் வைக்க அமெரிக்கா, பிரிட்டன் உள்ளிட்ட பல நாடுகளில் அனுமதி உண்டு. அந்த பிளேடைத் தனியே பிரித்தெடுக்க முடியாது என்பதுதான் காரணம். இரண்டு பக்கமும் கூரான பழைய பிளேடு அப்படியல்ல. இரண்டு விரலில் பிடித்தாலே அது ஆயுதம். பிரிக்காத பாக்கெட்டாக இருந்தாலும் அது விமானத்தின் சரக்கு அறைக்கு அனுப்பும் செக்-இன் பையில்தான் போக வேண்டும். சேஃப்டி ரேசரின் கைப்பிடியை பிளேடு இல்லாமல் கேபினில் கொண்டுபோக அமெரிக்க விதி இடம் தருகிறது. சலூன்காரர்கள் வைத்திருக்கும் மடக்குக் கத்திக்குக் கேபினில் இடமே கிடையாது. கேபின் பை மட்டும் எடுத்துப் போகிறவர்களுக்கு நான் சொல்வது: கைப்பிடியை வெறுமையாகக் கொண்டுபோங்கள், பிளேடை இறங்கிய ஊரில் வாங்கிக்கொள்ளுங்கள். கிளம்புவதற்கு முந்தைய இரவு ரேசரின் தலையைத் திறந்து ஒருமுறை பாருங்கள். போன மாதம் மாட்டிய பிளேடு யாருக்கும் நினைவில் இருப்பதில்லை.

அடுத்தது கத்தரிக்கோல். மீசையும் மூக்கு முடியும் வெட்டுகிற சின்னக் கத்தரி எங்கும் செல்லும் என்று நினைக்கிறோம். அளவு பார்க்கும்போது முழு நீளத்தைப் பார்ப்பதில்லை. இரண்டு அலகும் சேரும் ஆணியிலிருந்து நுனி வரை எவ்வளவு என்பதே கணக்கு. அமெரிக்காவில் அது 4 அங்குலத்துக்குள் இருக்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 6 செ.மீ.யைத் தாண்டக் கூடாது. 4 அங்குலம் என்பது ஏறக்குறைய 10 செ.மீ. ஆகவே போகும்போது யாரும் கேட்காத 8 செ.மீ. கத்தரி, திரும்பும்போது பறிபோகலாம். கூர்நுனி உலோகக் கத்தரியை நீளம் பார்க்காமலே நிறுத்துகிற இடங்களும் இருக்கின்றன. நுனி மழுங்கிய, அலகு குட்டையான ஒன்றைப் பயணத்துக்கென்றே தனியாக வைத்துக்கொள்வது நல்லது. நெயில் கட்டர் பொதுவாகப் பிரச்சினை இல்லை. ஆனால் அதன் பக்கவாட்டில் மடக்கிய குட்டிக் கத்தி இருந்தால் அது கத்தியாகவே பார்க்கப்படும்.

இவ்வளவையும் கேட்டவர்கள் உடனே ஒரு முடிவுக்கு வருவார்கள்: “எதற்கு வம்பு, எல்லாவற்றையும் செக்-இன் பையில் போட்டுவிடலாம்.” என்னைப் பொறுத்தவரை இதுதான் இருப்பதிலேயே பெரிய தவறு. பிளேடு கீழே போக வேண்டிய பொருள். உதிரி பேட்டரி மேலே வர வேண்டிய பொருள். லித்தியம் பேட்டரியில் உள்ளுக்குள் ஷார்ட் ஆனால் வெப்பம் தானாக ஏறிக்கொண்டே போய்த் தீப்பிடிக்கும். கேபினில் என்றால் புகை வந்ததும் ஆள் பார்ப்பார், அணைப்பார். சரக்கு அறையில் யாரும் பார்க்கப்போவதில்லை. அதனால்தான் உதிரி லித்தியம் பேட்டரிக்கும் பவர் பேங்குக்கும் செக்-இன் பையில் தடை. கேபினில் 100 வாட்-ஹவர் (பேட்டரி தேக்கிவைக்கும் மின்சக்தியின் அளவு) வரை தனி அனுமதி தேவையில்லை, 100 முதல் 160 வரை விமான நிறுவனத்தின் ஒப்புதல் வேண்டும். பேட்டரியில் அச்சிட்ட மில்லிஆம்பியர்-ஹவரை (mAh) வோல்ட்டால் பெருக்கி 1000-ஆல் வகுத்தால் வாட்-ஹவர் கிடைக்கும். 1000 மில்லிஆம்பியர்-ஹவர், 3.7 வோல்ட் டிரிம்மர் பேட்டரி என்றால் 3.7 வாட்-ஹவர்தான், எல்லைக்கு வெகு கீழே.

பேட்டரி உள்ளேயே பொருத்தப்பட்ட டிரிம்மரை, ஷேவரைப் பொதுவாக இரண்டு பையிலும் வைக்கலாம். செக்-இன் பையில் போட்டால் முழுதாக அணைத்திருக்க வேண்டும், துணிக்கிடையில் அழுந்தித் தானாக ஓடக் கூடாது. ‘டிராவல் லாக்’ வசதி இருந்தால் பூட்டிவிடுங்கள். கழற்றிய பேட்டரியின் முனைகளில் டேப் ஒட்டுங்கள்.

அனுபவமுள்ள பயணிகளே கோட்டை விடுகிற ஒரு கட்டம் உண்டு. விமானத்தில் மேலே இடமில்லை என்று போர்டிங் கதவருகே கேபின் பையை வாங்கிக் கீழே அனுப்புவார்கள். அவசரத்தில் பவர் பேங்கோடு கொடுத்துவிடுகிறோம். கொடுக்கும் முன் அதையும் உதிரி பேட்டரிகளையும் எடுத்துக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். இவை எல்லாவற்றையும் ஒரே சின்னப் பையில் போட்டு வைத்திருந்தால் அரை நிமிட வேலை.

கேஸில் சூடாகும் முடி சுருட்டும் கருவிக்குத் தனி விதி. வெப்பமூட்டும் பகுதிக்கு மூடி அவசியம், ஒருவருக்கு ஒன்றுதான். அதன் உதிரி கேஸ் குப்பியை எந்தப் பையிலும் வைக்க முடியாது. வயர் போட்டு இயக்கும் ஸ்ட்ரெய்ட்னருக்கு இந்தத் தொல்லை இல்லை. சூடு ஆறியபின் பையில் வையுங்கள், போதும்.

இனி திரவங்கள். 2006 ஆகஸ்டில் குளிர்பான பாட்டில்களில் திரவ வெடிபொருளை விமானத்துக்குள் கொண்டுபோகும் சதி பிரிட்டனில் அம்பலமானது. கேபின் பையில் வைக்கும் திரவப் பாட்டில் எதுவும் 100 மி.லி.யைத் தாண்டக் கூடாது என்ற கட்டுப்பாடு அதற்குப் பிறகு வந்தது. அதிகாரி பார்ப்பது பாட்டிலின் மேல் அச்சிட்ட கொள்ளளவை. 200 மி.லி. குழாயில் அடியில் ஒட்டிக்கொண்டிருக்கும் கொஞ்சம் ஷேவிங் ஜெல்லும் 200 மி.லி.தான். டூத்பேஸ்ட், ஹேர் வாக்ஸ், ஃபோம், மஸ்காரா எல்லாமே திரவக் கணக்கில் சேரும். சவரத்துக்குக் கட்டிச் சோப்பை எடுத்துப் போனால் கணக்கே இல்லை. செக்-இன் பையில் வைக்கிற டியோடரன்ட், ஹேர் ஸ்பிரே கேன்களுக்கும் உச்சவரம்பு உண்டு: ஒவ்வொன்றும் 500 மி.லி.க்குள், ஒருவருக்கு மொத்தம் 2 லிட்டர். அழுத்தும் முனைக்கு மூடி இருக்க வேண்டும்.

சில விமான நிலையங்கள் புதிய ஸ்கேனர்களை வைத்து இந்த எல்லையைத் தளர்த்திவிட்டன. 2025 ஜூலையிலிருந்து எடின்பரோ, பர்மிங்காம் விமான நிலையங்களில் 2 லிட்டர் வரை விடுகிறார்கள். அதை நம்பிப் பெரிய பாட்டிலோடு கிளம்பினால், நடுவில் விமானம் மாறும் ஊரில் மறுபடி சோதனை வரும், அங்கே பழைய விதி இருக்கும். எங்கெல்லாம் சோதனையைக் கடக்கிறோமோ, அவற்றில் கடுமையான இடம் எதுவோ அதற்கேற்ப அடுக்குவதே சரி. வரியில்லாக் கடையில் வாங்கிய வாசனைத் திரவியத்தை முத்திரையிட்ட பையில், ரசீது உள்ளே தெரிய, பிரிக்காமல் வைத்திருங்கள்.

அடுக்கும் விதத்தையும் சொல்ல வேண்டும். எக்ஸ்ரே திரையில் உலோகம் நீலமாகவும், துணி, உணவு, பிளாஸ்டிக் போன்றவை ஆரஞ்சாகவும் தெரியும். டிரிம்மர், சார்ஜர் வயர், கத்தரி, நெயில் கட்டர் எல்லாம் ஒரே சுருளாகக் கிடந்தால் எது எதுவென்று பிரித்தறிய முடியாத நீலக் குவியலாகிவிடும். பையைத் திறக்கச் சொல்வதைத் தவிர அவர்களுக்கு வேறு வழியில்லை. தட்டையாகப் பரப்பி, மேலே எளிதில் எடுக்கும்படி வையுங்கள்.

நிறுத்தப்பட்டால் வாதாடுவதில் பலன் குறைவு. இணையதளத்தில் அனுமதி என்று போட்டிருந்தாலும், அந்த மேசையில் நிற்கும் அதிகாரியின் முடிவே இறுதி. நேரம் கையில் இருந்தால் திரும்பிப் போய் செக்-இன் செய்ய முடியுமா, வழியனுப்ப வந்தவர் இன்னும் வெளியில் நிற்கிறாரா என்று கேளுங்கள். அப்பாவின் ரேசருக்கு அந்த அரை மணி நேரம் எங்களிடம் இல்லை.

செக்-இன் பையில் போடும் பிளேடையும் கத்தரியையும் உறையிலோ தடித்த துணியிலோ சுற்றி வையுங்கள். பையைத் தூக்குபவர், திறந்து சோதிப்பவர் கை அதில் படும். கேபின் பையில் கூரான பொருள் எதுவும் இருப்பது நினைவுக்கு வந்தால், அதிகாரி உள்ளே கைவிடும் முன்பே, அது எந்த அறையில் இருக்கிறது என்று வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள்.