அணுமின் பிரசாரத்தின் பின்னால் யார் பணம்? கடலூர், புதுச்சேரியிலிருந்து தேடிக் கண்டுபிடிக்கும் முறை

அணுமின் நிலையம் பற்றி நாளிதழில் அரைப்பக்கக் கட்டுரை வருகிறது. ஓய்வுபெற்ற விஞ்ஞானி பாராட்டுகிறார், சட்டமன்ற உறுப்பினர் வரவேற்கிறார். பக்கத்தின் மூலையில் பொடி எழுத்தில் 'விளம்பரம்' என்று இருக்கிறது. சில நேரம் அதுவும் இல்லை. அந்த இடத்துக்குப் பணம் கட்டியது யார், பேசியவருக்கும் திட்டத்துக்கும் என்ன உறவு என்பதை வீட்டிலிருந்தபடியே, சில நூறு ரூபாய் செலவில் கண்டுபிடித்துவிடலாம்.

இதற்கான தேவை கூடிக்கொண்டே போகிறது. புதுச்சேரிக்கு வடக்கே கல்பாக்கம், தெற்கே விரிவடைந்துவரும் கூடங்குளம். 2025 மத்திய பட்ஜெட் 2047க்குள் 100 ஜிகாவாட் அணுமின்சாரம் என்று இலக்கு வைத்து, சிறிய உலைகளுக்காக 20,000 கோடி ரூபாய் அறிவித்தது. அதே ஆண்டு டிசம்பரில் நாடாளுமன்றத்தில் நிறைவேறிய சாந்தி சட்டம் தனியார் நிறுவனங்களையும் உள்ளே விட்டது. பணம் வரும் இடத்துக்குப் பிரசாரமும் வரும்.

எந்த வழியில் பணம் போகிறது என்பதை முதலில் புரிந்துகொள்ளுங்கள்

அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் 2019இல் இரண்டு அணுமின் நிலையங்களைக் காப்பாற்ற ஒரு சட்டம் வந்தது. அதற்காக ஃபர்ஸ்ட் எனர்ஜி நிறுவனம், 'ஜெனரேஷன் நவ்' என்ற பெயரளவிலான பொதுநல அமைப்பு வழியாக, அவைத் தலைவர் லாரி ஹவுஸ்ஹோல்டர் தரப்புக்குச் சுமார் 6 கோடி டாலர் கொடுத்தது. 2023இல் அவருக்கு 20 ஆண்டு சிறை. பலரும் இதே வடிவத்தை இங்கேயும் தேடுகிறார்கள்; அதனால்தான் வெறுங்கையோடு திரும்புகிறார்கள்.

இங்கே நிலைமை வேறு. கூடங்குளத்தை நடத்தும் இந்திய அணுமின் கழகம் அரசு நிறுவனம். 2013ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டத்தின் 182ஆம் பிரிவுப்படி அரசு நிறுவனம் எந்தக் கட்சிக்கும் நன்கொடை கொடுக்கக் கூடாது. அணுசக்தித் துறையோ நேரடியாகப் பிரதமரின் பொறுப்பில் இருக்கிறது. அதாவது தொழிலும் அரசும் ஒரே வீட்டில் குடியிருக்கின்றன. ஆகவே நன்கொடைப் பட்டியலோடு நிற்காதீர்கள். விளம்பரச் செலவு, மக்கள் தொடர்பு ஒப்பந்தம், சி.எஸ்.ஆர். (நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு) தொகை, கட்டுமான ஒப்பந்ததாரர்கள், நிபுணர் குழு நியமனங்கள் என்ற ஐந்து இடங்களில் தேடினால்தான் ஏதாவது கையில் சிக்கும்.

ஆர்.டி.ஐ. மனு: கேள்வியை எழுதும் விதத்தில்தான் எல்லாமே

அணுசக்தி என்றாலே தகவல் தர மாட்டார்கள் என்ற எண்ணம் தவறு. தகவல் உரிமைச் சட்டத்தின் (ஆர்.டி.ஐ.) இரண்டாம் அட்டவணையில் விலக்குப் பெற்ற அமைப்புகளின் பட்டியலில் அணுசக்தித் துறை இல்லை. ஆனால் உலை வடிவமைப்பு, எரிபொருள், பாதுகாப்பு ஏற்பாடு பற்றி ஒரு வரி கேட்டாலும் நாட்டின் பாதுகாப்பைக் காரணம் சொல்லி மறுக்க இடம் தரும் 8(1)(அ) பிரிவைக் காட்டி மனு முழுவதையும் தள்ளிவிடும் வாய்ப்பு உண்டு. எனவே தொழில்நுட்பக் கேள்வியையும் பணக் கேள்வியையும் ஒரே மனுவில் கலக்காதீர்கள். தகவலின் ஒரு பகுதியை மட்டும் மறைக்க வேண்டியிருந்தால் மற்றதைப் பிரித்துத் தர வேண்டும் என்கிறது 10ஆம் பிரிவு. அதை மனுவின் கடைசி வரியிலேயே குறிப்பிட்டுவிடுங்கள்.

'ஏன்', 'சரிதானா' என்று கேட்டால் பதில் வராது. அலுவலகத்தில் இருக்கும் ஆவணத்தைத்தான் சட்டம் தரச் சொல்கிறது. அதிகாரியின் கருத்தை அல்ல. இப்படி எழுதலாம்:

"2019-20 முதல் 2024-25 வரை தமிழ் நாளிதழ்கள், தொலைக்காட்சிகள், வானொலி, சமூக ஊடகம் ஆகியவற்றில் தங்கள் நிறுவனம் வெளியிட்ட விளம்பரங்களின் பட்டியல்: ஊடகத்தின் பெயர், தேதி, தொகை. வெளியீட்டு ஆணைகளின் நகல்."

"இதே காலத்தில் மக்கள் தொடர்பு, ஊடக ஆலோசனை, விழிப்புணர்வுப் படத் தயாரிப்பு ஆகியவற்றுக்கு வழங்கிய பணி ஆணைகளின் நகல், வேலை வரையறையுடன்."

"பத்திரிகையாளர்கள், மக்கள் பிரதிநிதிகள், மாணவர்கள் ஆகியோருக்காக ஏற்பாடு செய்த நிலையப் பார்வையிடல்கள்: தேதி, அழைக்கப்பட்ட அமைப்புகள், செலவு."

இவற்றில் இரண்டாவதுதான் மிகவும் பயன் தரும். வேலை வரையறையில், எந்த ஊரில் யாரிடம் என்ன செய்தியைக் கொண்டுபோக வேண்டும் என்று நிறுவனமே எழுதி வைத்திருக்கும். 'கருத்து உருவாக்குபவர்களை அடையாளம் காணுதல்' என்பது போன்ற வரி இருந்தால் கோடிட்டு வையுங்கள்.

கடிதப் போக்குவரத்தையும் கேளுங்கள். 2011 மார்ச்சில் புகுஷிமா விபத்து நடந்த சில நாட்களுக்குள் பிரிட்டன் அரசு அதிகாரிகள் இ.டி.எஃப்., அரேவா, வெஸ்டிங்ஹவுஸ் ஆகிய அணுமின் நிறுவனங்களோடு சேர்ந்து மக்கள் கருத்தை எப்படிக் கையாள்வது என்று பேசிய மின்னஞ்சல்கள், அந்நாட்டுத் தகவல் உரிமைச் சட்டத்தின் வழியாகத்தான் வெளியே வந்தன. தேதி எல்லையைக் குறுக்கிக் கேட்பதே இங்கு உத்தி. 'எல்லாக் கடிதங்களும்' என்று கேட்டால் 'அலுவலக வளத்தை அளவுக்கு மீறித் திருப்பும்' என்று கைவிரிப்பார்கள். ஒரு நிகழ்வுக்கு முன்னும் பின்னும் 15 நாள் என்று கேட்டால் அந்தச் சாக்குச் செல்லாது.

கட்டணம் 10 ரூபாய். மத்திய அலுவலகம் என்றால் மத்திய ஆர்.டி.ஐ. இணையதளத்திலேயே கட்டலாம், அல்லது போஸ்டல் ஆர்டர் இணைக்கலாம். தமிழ்நாடு அரசு அலுவலகத்துக்குக் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினால் போதும். மத்திய விதிகளில் நகலுக்குப் பக்கத்துக்கு 2 ரூபாய். மனு பொதுவாக 500 சொற்களுக்குள் இருக்க வேண்டும். தமிழில் எழுத சட்டம் இடம் தருகிறது. இணையத்தில் அனுப்பும்போது தமிழ் மனுவைப் பி.டி.எஃப். ஆக இணைத்துவிடுவது பாதுகாப்பு.

30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் மறுத்ததாகவே கொண்டு, அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. அதன்பின் 90 நாளுக்குள் இரண்டாவது. நம் பகுதியில் அதிகம் தடுமாறுவது இந்த இரண்டாவதில்தான். கடலூரில் உள்ள மாநில அரசு அலுவலகம் என்றால் சென்னையில் உள்ள தமிழ்நாடு தகவல் ஆணையம். புதுச்சேரி அரசின் அலுவலகம் என்றால், அது யூனியன் பிரதேசம் என்பதால், டெல்லியில் உள்ள மத்தியத் தகவல் ஆணையம். கல்பாக்கம், கூடங்குளம் தமிழ்நாட்டில் இருந்தாலும் மத்திய நிறுவனங்கள்; அவற்றுக்கும் டெல்லிதான். பதில் வந்த உறையைத் தூக்கி எறியாதீர்கள். அது கைக்கு வந்த தேதியிலிருந்துதான் கெடு ஓடத் தொடங்கும்.

ஆணையத்தில் வென்றாலும் வேலை முடியாமல் போகலாம். கூடங்குளத்தின் பாதுகாப்பு ஆய்வறிக்கையைத் தர வேண்டும் என்று 2012 ஏப்ரலில் மத்தியத் தகவல் ஆணையம் உத்தரவிட்டபோது, அணுமின் கழகம் டெல்லி உயர்நீதிமன்றத்துக்குப் போய்த் தடை வாங்கியது. அதனால் ஒரே மனுவை நம்பி உட்காராமல், அதே தகவலுக்கு நாடாளுமன்றப் பதில்கள், ஆண்டறிக்கை, தணிக்கை அறிக்கை என்று வேறு வழிகளையும் கூடவே தட்டுங்கள்.

ஒப்பந்ததாரர்கள்

அரசு நிறுவனம் நன்கொடை தர முடியாது. அதனிடம் வேலை எடுக்கும் தனியார் நிறுவனம் தரலாம். மத்தியக் கொள்முதல் இணையதளத்தில் டெண்டர் முடிவுகளை எடுங்கள். வென்ற நிறுவனத்தின் ஆவணங்களைக் கம்பெனி விவகார அமைச்சகத் தளத்தில் 100 ரூபாய் கட்டிப் பார்க்கலாம். ஆண்டறிக்கை, இயக்குநர்கள் பட்டியல், பங்குதாரர்கள் என்ற மூன்றையும் முதல் நாளிலேயே இறக்கிக்கொள்ளுங்கள். பிறகு தேர்தல் ஆணையத் தளத்தில் 20,000 ரூபாய்க்கு மேற்பட்ட நன்கொடைகள் குறித்துக் கட்சிகள் தரும் அறிக்கை, நிறுவனங்களிடம் பணம் வாங்கிக் கட்சிகளுக்குப் பிரித்துத் தரும் தேர்தல் அறக்கட்டளைகளின் அறிக்கை, 2024 மார்ச்சில் வெளியான தேர்தல் பத்திரப் பட்டியல் ஆகியவற்றில் அதே பெயர்களைத் தேடுங்கள்.

ஓர் எடுத்துக்காட்டு. மேகா எஞ்சினியரிங் நிறுவனம் 966 கோடி ரூபாய்க்குத் தேர்தல் பத்திரம் வாங்கியது. 2025இல் கர்நாடகத்தின் கைகா அணுமின் நிலையத்தில் 5, 6 அலகுகளுக்காக அணுமின் கழகத்திடமிருந்து 12,800 கோடி ரூபாய் ஒப்பந்தம் பெற்றது. இரண்டுமே பொதுவெளியில் உள்ள உண்மைகள். ஒன்றால்தான் மற்றொன்று நடந்தது என்று இதை வைத்துச் சொல்லவே முடியாது. அந்த நிறுவனம் வேறு பல துறைகளிலும் வேலை எடுக்கிறது, பத்திரங்கள் பல கட்சிகளுக்குப் போயின. டெண்டரில் எத்தனை பேர் கலந்துகொண்டார்கள், விதிமுறை நடுவில் மாறியதா, விலை வித்தியாசம் எவ்வளவு என்று பார்த்த பிறகுதான் அடுத்த வாக்கியத்தை எழுத முடியும்.

பெயர் தேடும்போது ஒரு சிக்கல்: ஒரே நிறுவனம் சுருக்கப் பெயரிலும் முழுப் பெயரிலும் துணை நிறுவனத்தின் பெயரிலும் இருக்கும். பதிவு எண்ணை வைத்துச் சரிபாருங்கள். இயக்குநர் பெயரையும் இயக்குநர் அடையாள எண்ணோடு ஒப்பிட வேண்டும். தலைப்பெழுத்தை மட்டும் நம்பினால் ஏதும் அறியாத வேறொருவர் மீது பழி விழும்.

சி.எஸ்.ஆர். பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். லாபத்தில் 2 சதவீதம் சட்டப்படி செலவிட வேண்டிய பணம்; ஆண்டறிக்கை இணைப்பில் திட்டவாரியாக இருக்கும். செயல்படுத்திய அமைப்பின் பெயரைக் குறித்துக்கொண்டு, அதன் நிர்வாகிகள் யார் என்று பாருங்கள்.

நிபுணர் என்று வருபவர்

அவர் சொல்வது சரியா தவறா என்பது தனி விஷயம். அவர் எங்கே வேலை பார்த்தார், எந்தக் குழுவில் இருக்கிறார், யார் அழைத்து வந்தார்கள் என்பதை வாசகர் அறிந்திருக்க வேண்டும். 2012இல் கூடங்குளத்தை ஆராயத் தமிழ்நாடு அரசு அமைத்த நால்வர் குழுவில் எம்.ஆர்.சீனிவாசன் ஓர் உறுப்பினர். அவர் அணுசக்தி ஆணையத்தின் முன்னாள் தலைவர். அது ரகசியமல்ல, அவருடைய தகுதியே அதுதான். ஆனாலும் 'சுயேச்சையான குழு' என்று செய்தி எழுதும்போது அந்த வரியும் கூடவே வர வேண்டும்.

அமெரிக்காவில் 2006இல் தொடங்கிய 'கிளீன் அண்ட் சேஃப் எனர்ஜி' கூட்டணி குடிமக்கள் அமைப்பு போலத் தோன்றியது. முகமாக நின்றவர்கள் கிரீன்பீஸின் முன்னாள் பிரமுகர் பேட்ரிக் மூர், சுற்றுச்சூழல் முகமையின் முன்னாள் தலைவி கிறிஸ்டின் டாட் விட்மன். பணம் அணுமின் தொழில் சங்கத்தினுடையது. 'முன்பு எதிர்த்தேன், இப்போது ஆதரிக்கிறேன்' என்று ஒருவர் மேடையேறினால் முதலில் பார்க்க வேண்டியது, மேடைக்கு வாடகை கட்டியவர் யார் என்பதை.

கருத்துக்கேட்புக் கூட்டம்

சிப்காட் ஆலைகளுக்கும் அனல்மின் நிலையங்களுக்கும் நடந்த கூட்டங்களைப் பார்த்த கடலூர்க்காரர்களுக்கு நடைமுறை தெரியும்: 30 நாள் முன்னறிவிப்பு, ஆட்சியர் அல்லது அவர் பிரதிநிதி தலைமை, முழு வீடியோ பதிவு. குறைந்தபட்ச வருகை எண்ணிக்கை கிடையாது. அணுமின் திட்டங்களும் 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையில் இந்த நடைமுறைக்குள்தான் வருகின்றன. ஆனால் அணுக் கனிமச் சுரங்கங்களுக்குக் கருத்துக்கேட்பு வேண்டாம் என்று 2025 செப்டம்பரில் சுற்றுச்சூழல் அமைச்சகம் விலக்கு அளித்துவிட்டது.

ஜப்பானில் 2011இல் கெங்காய் உலையை மீண்டும் இயக்குவது பற்றிய தொலைக்காட்சி நிகழ்ச்சிக்கு, பொதுமக்கள் போல ஆதரவு மின்னஞ்சல் அனுப்பும்படி கியூஷு மின் நிறுவனம் தன் ஊழியர்களையே தூண்டியது அம்பலமானது. நம் கூட்டங்களிலும் இதைச் சோதிக்கலாம். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடம் ஆதரவு, எதிர்ப்பு மனுக்கள் அனைத்தின் நகலையும் வீடியோவையும் ஆர்.டி.ஐ.யில் வாங்குங்கள். ஒரே வாக்கியம், ஒரே எழுத்துப்பிழை எத்தனை மனுவில் இருக்கிறது என்று எண்ணுங்கள். கூட்ட நாளில் வந்த வேன்கள், பேருந்துகளை வாடகைக்கு எடுத்தது யார் என்று ஓட்டுநரிடம் கேட்டாலே பாதி விவரம் வந்துவிடும். எதிர்ப்பாளர் தரப்பிலும் அச்சடித்த மனுக்கள் வரும்; அவற்றையும் அதே கணக்கில் எழுதுங்கள், அவர்கள் நிதிக்கும் அதே கேள்வியைக் கேளுங்கள்.

வெளிநாட்டுப் பதிவேடுகள்: புதுச்சேரிக்கு ஒரு வசதி

இந்தியாவில் லாபியிங் செய்பவர்கள், அதாவது அரசின் முடிவுகளைத் தங்கள் பக்கம் திருப்ப அதிகாரிகளிடமும் அரசியல்வாதிகளிடமும் பேசுபவர்கள், பதிவு செய்ய வேண்டும் என்று சட்டமே இல்லை. ஆனால் நமக்கு உலை விற்க வருபவர்களின் நாட்டில் இருக்கிறது. பிரான்ஸில் 2017 முதல் பொதுவாழ்வு வெளிப்படைத்தன்மை உயர் ஆணையம் இதற்கான பதிவேட்டை நடத்துகிறது. மகாராஷ்டிரத்தின் ஜைதாப்பூரில் 9,900 மெகாவாட்டுக்கு ஆறு உலைகள் தர முன்வந்த பிரெஞ்சு மின் நிறுவனம் இ.டி.எஃப். அதில் ஆண்டுதோறும் கணக்குக் காட்டுகிறது. எல்லாம் பிரெஞ்சில் இருக்கும். புதுச்சேரியில் அதை வாசித்துச் சொல்ல ஆள் கிடைப்பார்கள். செலவு சரியான தொகையாக இல்லாமல் 'இவ்வளவு முதல் இவ்வளவு வரை' என்றுதான் இருக்கும். சந்தித்த அதிகாரியின் பெயருக்குப் பதிலாகப் பதவி வகை மட்டும் இருக்கும். அமெரிக்க நிறுவனங்கள் அங்கே காலாண்டுக்கு ஒருமுறை லாபியிங் செலவைத் தாக்கல் செய்கின்றன.

தேதிகளை அடுக்குங்கள்

கிடைத்த எல்லாவற்றையும் ஒரே தாளில் நான்கு நெடுவரிசைகளாக எழுதுங்கள்: தேதி, நடந்தது, யார், எந்த ஆவணம். கூடங்குளத்தை இப்படி அடுக்கினால்: 2011 செப்டம்பரில் மக்கள் அச்சம் தீரும்வரை பணியை நிறுத்தக் கோரி ஜெயலலிதா அமைச்சரவை தீர்மானம், நவம்பர் 6இல் அப்துல் கலாம் நிலையத்தைப் பார்வையிட்டுப் பாதுகாப்பானது என்று அறிவிப்பு, 2012 மார்ச் 18இல் சங்கரன்கோவில் இடைத்தேர்தல், மறுநாள் 19இல் பணியைத் தொடர அமைச்சரவை முடிவு, கூடவே 500 கோடி ரூபாய் வளர்ச்சித் திட்டம். ஒவ்வொரு வரிக்கும் ஆதாரம் உண்டு. அடுத்தடுத்து நடந்தது என்பது ஒரு கேள்வியை எழுப்பும். பதிலுக்கு இன்னோர் ஆவணம் தேவை. நான்காவது நெடுவரிசை காலியாக உள்ள வரியை எவ்வளவு பிடித்திருந்தாலும் அடித்துவிடுங்கள்.

வெளியிடுவதற்கு முன் சம்பந்தப்பட்டவருக்குக் கேள்விகளை எழுத்தில் அனுப்பி, ஏழு நாளாவது கொடுங்கள். பதிலை முழுதாகச் சேருங்கள். பாரதிய நியாய சன்ஹிதாவின் 356ஆம் பிரிவில் அவதூறுக்கு இரண்டு ஆண்டு வரை சிறை உண்டு. 'விலைபோனார்' என்று எழுதினால் அதை நீங்கள் நிரூபிக்க வேண்டும். 'இன்ன நிறுவனத்தின் ஆலோசகராக இருந்தார், இன்ன தேதியில் இந்தக் குழுவில் நியமிக்கப்பட்டார்' என்று எழுதினால் ஆவணமே பேசும். இணையப் பக்கங்கள் மறைந்துவிடக்கூடும், ஆகவே பார்த்த அன்றே தேதியுடன் பி.டி.எஃப். எடுத்து இரண்டு இடங்களில் வைத்திருங்கள்.